எந்தக் கை என்று அவளுக்குத் தெரியாது

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. தலவாக்கலையில் மழை விட்டபாடில்லை. என் முழங்கால் மழைக்கு முந்திக்கொண்டு வலிக்கிறது, மற்றபடி நான் சுகந்தான். இங்கே உன் அக்கா வீட்டில் எல்லாரும் சுகம். ஹட்டன் நீதிமன்றத்தில் நீ கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், 'வாத்தியார் மகனா இது, துரை மாதிரியில்ல இருக்காப்ல' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? தோட்டப் பள்ளிக்கூடத்து மண்தரையில் உட்கார்ந்து எழுத்துப் படித்த பிள்ளை நீ. அந்தக் கோட்டைப் பார்க்க உன் அம்மாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்தாயே, அதுதான் என்னைப் போட்டுப் படுத்துகிறது. வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண்ணை அடித்துக் கையை முறித்த வழக்கு. அடிபட்டவள் பயத்தில் வாயே திறக்கமாட்டேன் என்கிறாள். கண்ணால் பார்த்தது அவளுடைய சின்ன மகள் ஒருத்திதான். 'அந்தப் பிள்ளை முன்னுக்குப் பின் குழப்பிக் குழப்பிப் பேசுகிறாள் அப்பா. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் உங்களை விட்டால் யார்? வந்து தங்கி, அவள் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக் கொடுங்கள்' என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், பசியில்லை என்று சொல்லிவிட்டேன். என்னால் முடியாது என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். நீ கிழவனுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு வேறொரு வாத்தியாரைத் தேடிப் போயிருப்பாய். அந்தப் பயத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாக்கியத்தை உனக்கு நினைவிருக்கிறதா? மேட்டு லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை, உன்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள். வாய் திக்கும். 'திக்கி' என்று நீங்கள் எல்லாரும் கேலி செய்வீர்கள், நீயும்தான். நான் பிரம்பை எடுத்தால் நிறுத்துவீர்கள், வைத்தால் மறுபடி தொடங்குவீர்கள். அவளுடைய அப்பா முத்தையா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியை அவர் வெட்டிவிட்டுப் போனால் மலையே தலைவாரிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த மனிதருக்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் ஒருநாள் மலையில் வாய்த்தகராறு வந்தது. முந்தின நாள் முழுக்க வேலை செய்தவருக்கு அரைநாள் கூலிதான் என்று அரைப் பேர் போட்டுவிட்டாராம் கணக்கப்பிள்ளை. பேச்சு முற்றி அவர் தள்ளிவிட, முத்தையா பின்பக்கமாகக் கானுக்குள் விழுந்தார். மழைத்தண்ணீர் போக வெட்டிய கான், அடியில் முழுக்கக் கருங்கல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்து கண் திறக்காமலே செத்துப்போனார். கால் வழுக்கி விழுந்தார் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். பனிமூட்டமான காலை, பக்கத்தில் ஆளில்லை. அப்பாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு ஏறிப் போன பாக்கியம் மட்டும் பார்த்திருந்தாள்.

வழக்கு ஹட்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. பாக்கியத்தின் அம்மா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். 'சார், புள்ளைக்கு வாய் வராதுங்க. கோட்டுல போயி முழிச்சிக்கிட்டு நிக்கும். பொய்க் கேசுன்னு ஆயிருச்சின்னா பத்துச்சீட்டக் குடுத்து எங்கள தோட்டத்த விட்டே அனுப்பிருவாங்க. நீங்கதான் பாத்து ஏதாச்சும் செய்யணும்' என்றாள். நாம் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று சட்டம் போட்டிருந்த சமயம் அது. பத்துச்சீட்டோடு வெளியே போகிற குடும்பத்துக்குப் போக இடம் கிடையாது. நான் பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததைச் சொல் என்றேன்.

அவள் சொன்னாள். திக்கித் திக்கி, நடுவில் எச்சில் விழுங்கி, முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துச் சொன்னாள். தேத்தண்ணி சிந்திவிடக் கூடாதென்று போத்தலையே பார்த்துக்கொண்டு ஏறினாளாம். 'ச...சத்தம் கேட்டுச்சி சார். பாத்தேன். க...கணக்குப்புள்ள தள்ளிட்டாரு. அப்பா கானுக்குள்ள போயிருச்சி. எ...எந்திரிடா, நடிக்காதன்னாரு. அப்பா எந்திரிக்கல.' நான் கேட்டேன்: 'எந்தக் கையால தள்ளுனாரு?' அவள் யோசித்துப் பார்த்தாள். 'தெ...தெரியல சார்.'

தம்பி, நான் எப்படிப்பட்ட வாத்தியார் என்று உனக்குத் தெரியும். என் வகுப்பில் தெரியாது என்ற சொல்லுக்கு இடமில்லை. தெரியாது என்றவன் உள்ளங்கையை நீட்ட வேண்டும். தோட்டத்துப் பிள்ளை என்றால் மக்கு என்று ஊரே நினைக்கிற காலத்தில், என் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு டாண் டாண் என்று பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பாக்கியம் தெரியாது என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. 'கோர்ட்டில் தெரியாது என்றால் நீ பார்க்கவே இல்லை என்பார்கள். நன்றாக யோசி, மனிதன் எந்தக் கையால் தள்ளுவான்? வலது கையால்தானே?' என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு நினைவு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அவளுடைய திக்கலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாய்ப்பாட்டையும் பாட்டையும் ராகம் போட்டுச் சொல்லும்போது அவளுக்குத் திக்காது, அதைக் கவனித்திருந்தேன். அதனால் சாட்சியத்தையும் பாடம் ஆக்கினேன். நல்ல தமிழில் எழுதினேன். 'அன்று காலை நான் என் தந்தையாருக்குத் தேநீர் கொண்டு சென்றேன். அப்பொழுது கணக்கப்பிள்ளை அவர்கள் தமது வலது கையால் என் தந்தையாரின் மார்பில் ஓங்கித் தள்ளினார்' என்று போகும். எந்திரிடா, நடிக்காத என்ற பேச்சை வெட்டிவிட்டேன். நீதவான் முன்னால் ஒரு பெண்பிள்ளை வாயில் டா போட்ட பேச்சு வரலாமா? அது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டபின் தினமும் அவளை நிற்க வைத்துச் சொல்ல வைத்தேன். முதலில் திணறினாள், பிறகு ஓடும் தண்ணீர் போல வந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, 'புள்ள என்ன அழகா சொல்லுது பாருங்களேன்' என்று அவளுக்கு ரொட்டி கொடுத்தாள். நீ அவள் பக்கத்தில் நின்று கூடவே சொல்லுவாய். வலது கையால் என்று வரும்போது கையை ஓங்கிக் காட்டுவாய். பாக்கியம் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு அதெல்லாம் பார்க்க நிறைவாக இருந்தது. ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம் செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வழக்கு நாளன்று நானும் கூடப் போனேன். சாட்சிக்கூண்டுக்கு மேல் அவள் தலை தெரியவில்லை. யாரோ ஒரு பலகைப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டு ஏற்றிவிட்டார்கள். அவள் என்னைத் தேடினாள், நான் தலையை அசைத்தேன். அவள் தொடங்கினாள். வகுப்பில் சொல்கிற அதே ராகத்தில், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு திக்கல் இல்லாமல் முடித்தாள். மொழிபெயர்க்கிற முதலியார் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். 'தங்கச்சி, கணக்கப்பிள்ளை தள்ளிய இடத்திலிருந்து சொல்லு பார்ப்போம்' என்று முதலியாரிடம் கேட்கச் சொன்னார். அவள் அன்று காலை நான் என் தந்தையாருக்கு என்று தொடங்கினாள். 'இல்லை இல்லை, நடுவிலிருந்து' என்றார். அவள் மறுபடியும் அன்று காலை என்று தொடங்கினாள். அவளால் வேறு எங்கிருந்தும் தொடங்க முடியாது, நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கோர்ட்டில் சிரித்தார்கள்.

பிறகு அந்த வக்கீல் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரைக் கூப்பிட்டார். அந்த வாரம் கணக்கப்பிள்ளையின் வலது கை வெந்துபோய், தாமே மருந்து வைத்து விரல் தெரியாமல் கட்டுப்போட்டிருந்ததாக டிஸ்பென்சர் சொன்னார். அந்தக் கையால் ஓங்கித் தள்ள முடியாது. அதோடு எல்லாம் முடிந்தது. போலீஸ் தரப்பில் கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தியும் சாட்சி சொல்லியிருந்தாள். மேல் மலையில் நின்றவள், பனியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் 'எந்திரிடா, நடிக்காத' என்று ஓர் ஆண் குரல் மட்டும் கேட்டது, யாருடையது என்று தெரியாது என்றாள். பாக்கியம் அதே வார்த்தையை என்னிடம் சொல்லியிருந்தாள். அவளை அவள் போக்கில் விட்டிருந்தால், ஒருவரோடு ஒருவர் பேசியே இராத இரண்டு பேர் ஒரே பேச்சைச் சொல்லியிருப்பார்கள். நான்தான் அதை மரியாதைக் குறைவென்று வெட்டி எறிந்தவன்.

இன்னும் இருக்கிறது. பாக்கியத்தைக் கூண்டிலிருந்து இறக்குமுன் வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: 'இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?' மறுபடியும் கேட்டார்: 'சொல்லிக் கொடுத்தவர் இங்கே இருக்கிறாரா?' நான் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இருந்தார். பள்ளிக்கூடம் தோட்டத்துடையது, நாம் இருந்த வீடும் தோட்டத்துடையது. எழுந்து, நான்தான் ஐயா, வலது கை என்னுடைய சொல், பிள்ளைக்கு அது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சோடு கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் குடையைப் பார்த்தேன். அவளுக்குத் திக்கல் வந்துவிட்டது. 'இ...இ...இல்லீங்க' என்றாள். அந்தப் பிள்ளை கோர்ட்டில் தானாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

யாரோ ஊட்டிவிட்ட சாட்சியத்தை நம்ப முடியாது என்று நீதவான் கணக்கப்பிள்ளையை விட்டுவிட்டார். அவர் செய்தது சரிதான், நானே அந்த இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளில் பாக்கியத்தின் அம்மா பயந்தபடியே பத்துச்சீட்டு வந்தது. பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனதை நான் பள்ளிக்கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தேன், வெளியே வரவில்லை. உன் அம்மா என்னிடம், 'நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?' என்று கேட்டாள். என்னை யாரும் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் நீ வீட்டுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டு அந்தப் பாடத்தை ராகம் போட்டுச் சொன்னாய். வலது கையால் என்று கையை ஓங்கினாய். நான் வந்து உன்னைக் கன்னத்தில் அறைந்தேன், உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஏன் அடித்தேன் என்று நீ அம்மாவிடம் கேட்டு அழுதாய், அவளும் என்னிடம் கேட்டாள், நான் சொல்லவில்லை. நீ மறந்திருப்பாய், அல்லது மறக்காமல் மனதில் வைத்திருப்பாய். அந்த அடி எனக்கு விழ வேண்டியது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துக்கொள் தம்பி.

அதனால் உன் சாட்சிப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க நான் வரமாட்டேன், நீயும் சொல்லிக் கொடுக்காதே. குழப்பிப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். பேசட்டுமே. பயந்த பிள்ளை பார்த்ததை வரிசையாகவா அடுக்கிச் சொல்லும்? அவள் லயத்துப் பேச்சில் பேசினால் திருத்தாதே, முதலியாரிடம் முன்கூட்டியே சொல்லி அந்தப் பேச்சையே மொழிபெயர்க்கச் சொல். அவள் வாயில் வராத சொல் எதையும் உன் கேள்விக்குள் வைத்துக் கேட்காதே. 'வலது கையா?' என்று கேட்டால் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைத்தான் பிள்ளை சொல்லும். என்ன நடந்தது, அப்புறம் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நீ என் மகன். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் அடிக்கமாட்டார்கள், கோபிக்கமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகச் சொல்லிவை. ஒரு தடவை சொன்னால் போதாது, தோட்டத்துப் பிள்ளைகளை என் போன்ற வாத்தியார்கள் கெடுத்து வைத்திருக்கிறோம்.

என்னால் முடிந்தது வேறொன்று இருக்கிறது. நீ அனுமதி வாங்கி வை, கோர்ட் இல்லாத ஒரு நாளில் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் கூடத்தைக் காட்டலாம். துரை மாதிரி உயரத்தில் உட்காருகிறவர் யார், கறுப்புக் கோட்டு ஆட்கள் யார், அவள் எங்கே நிற்பாள், அம்மா எந்த இடத்தில் உட்காருவாள், ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் காட்டுவோம். கூண்டுக்குள் நின்று, பிடித்த எதையாவது சத்தமாகப் பேசிப் பார்க்கட்டும். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்கச் சொல்லி நீதவானிடம் கேள், கொடுப்பார். அதற்கு வேண்டுமானால் நான் வருகிறேன்.

போன வருஷம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நான் பாக்கியத்தைப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அவள்தான் 'சார்' என்று கூப்பிட்டாள். இடுப்பில் குழந்தை. புருஷனுக்குப் பொல்பிட்டியவில் மின்சார நிலையம் கட்டுகிற இடத்தில் வேலையாம். திக்கல் இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது அதற்கு அவள் கூச்சப்படுவதில்லை. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் உன்னைத்தான் விசாரித்தாள். நீ வக்கீலுக்குப் படிக்கிறாய் என்றதும் சிரித்து, 'அது அன்னைக்கே கைய ஓங்கி ஓங்கிப் பேசும் சார்' என்றாள். பிறகு கேட்டாள்.

'சார், அந்தப் பாடம் எனக்கு இன்னும் மறக்கல. அப்பாவ நெனச்சாலே அதுதான் வாயில வருது. எது நான் பாத்தது, எது நீங்க எழுதுனதுன்னு இ...இப்ப எனக்கே வெளங்கல. அப்பா கானுக்குள்ள போறப்ப என்னையப் பாத்துக் கைய நீட்டுன மாதிரி ஒண்ணு அப்பப்ப வரும். அது நெசமா, நானா நெனச்சிக்கிட்டதான்னு தெரியல. மொத மொதல்ல உங்க வீட்ல வச்சி நான் சொன்னப்ப, அதச் சொன்னனா சார்? அப்பா கைய நீட்டுச்சின்னு சொன்னனா?'

உலகத்தில் அந்தப் பிள்ளையின் முதல் வார்த்தைகளைக் கேட்டவன் நான் ஒருவன்தான். யோசித்து யோசித்துப் பார்த்தேன். அன்று அவள் பேசும்போது பாடத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தேனே தவிர, அவள் சொன்னதை நான் கேட்கவே இல்லை. பஸ் வந்துவிட்டது, கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். அவள் ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'தெரியலம்மா' என்றேன்.

அப்பா